தத்துவத் துறையை மூடாதீர்கள்: ஆட்சிக்குழுவுக்கு ஒரு முன்னாள் மாணவனின் மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழுத் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கல்லூரியில் பி.ஏ. தத்துவம் படித்தவன் நான். இந்த ஆண்டு அந்தப் படிப்புக்குச் சேர்க்கை இல்லை என்று முடிவெடுத்தவர்கள் நீங்கள். அதனால் பின்னணியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிவு அலுவலகக் கவுண்டரில் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண். அம்மா மில் வேலைக்குப் போகிறவர். பிளஸ் டூவில் அறவியல் பாடம் படித்தவள். 'மாமா, நீங்க படிச்சதையே நானும் படிக்கிறேன்' என்று அவளாகவே வந்து கேட்டாள். இரண்டு பஸ் மாறி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். விவரக் குறிப்பேட்டில் படிப்பின் பெயர் அச்சாகித்தான் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் பேனாவை எடுத்து அதன்மேல் ஒரு கோடு போட்டார். 'அந்த கோர்ஸ எடுத்துட்டாங்கம்மா. பி.காம்ல ஒரு சீட் இருக்கு, எழுதிக்கவா?' என்றார்.

'ஏன் சார் எடுத்துட்டாங்க?'

'ஆள் வரலம்மா.'

'நான் வந்திருக்கேனே சார்.'

அவர் பதில் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஆள் வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நான் படித்தபோது துறையில் நான்கு பேராசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், இடம் நிரப்பப்படவில்லை. அடுத்தவருக்கும் அதேதான். கடைசியில் ஒரே ஒரு கௌரவ விரிவுரையாளர் மூன்று ஆண்டு வகுப்புகளையும் தாங்கினார். ஆசிரியர் இல்லாத துறைக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்? தண்ணீர் விடாமல் வைத்துவிட்டுச் செடி காய்ந்துவிட்டது என்று பிடுங்குவது நியாயமா? இப்போது எங்கள் வகுப்பறையில் பழைய விடைத்தாள் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. போன மாதம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரும்பலகையில் பாதிதான் தெரிந்தது.

அந்த ஜன்னலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் வழியே அரிசி ஆலைப் புகைபோக்கி தெரியும். 'மலையில் புகை, ஆகவே அங்கே நெருப்பு' என்ற பழைய எடுத்துக்காட்டை எங்கள் பேராசிரியர் அந்தப் புகைபோக்கியைக் காட்டித்தான் நடத்தினார். 'நெருப்பைப் பார்த்தாயா? இல்லை. பிறகு எப்படிச் சொல்கிறாய்?' என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். அதிலிருந்து நேராக மணிமேகலைக்குப் போவார். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன், அனுமானத்தை, அதாவது கண்டதை வைத்துக் காணாததை அறிவதை, ஏற்க மாட்டேன் என்கிறான் பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்னும் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று அவனை மடக்குகிறாள். அந்த விவாதங்களுக்கு அவள் போனது ஆண் தவசியின் உருவில். வளையல் போட்ட இளம்பெண்ணுக்கு யாரும் மெய்ப்பொருள் சொல்ல மாட்டார்கள் என்பதால் அந்த வேடம். கவுண்டரில் அந்தப் பெண் கேட்ட கேள்வியும் எனக்கு அந்த வகுப்பைத்தான் நினைவூட்டியது.

தத்துவம் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு தத்துவ வகுப்பில் உட்கார்ந்தவர் பின்னால் என்ன செய்வார் என்பதை அன்றைய சேர்க்கைக் கணக்கு சொல்லாது. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய முதன்மைப் பாடம் பொருளாதாரம். இருந்தும் ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியரின் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். ஜனநாயகம் என்பது வெறும் ஆட்சிமுறை அல்ல, மனிதர்கள் கூடி வாழும் முறை, ஒருவர் அனுபவத்தை மற்றவரோடு பகிர்ந்துகொள்ளும் முறை என்பது டூயியின் கருத்து. 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய சாதி ஒழிப்பு உரையில் அதே கருத்து வருகிறது. டூயி தன் ஆசிரியர், அவருக்குத் தான் மிகவும் கடன்பட்டவன் என்றும் அதில் எழுதுகிறார். மாநாட்டை நடத்தியவர்கள் உரையின் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார், மாநாடே ரத்தானது. சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். அரசியல் சட்டத்தின் முகப்பில் சகோதரத்துவம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டூயியின் அந்த வகுப்பறை நினைவுக்கு வரும். டூயி மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. தன் தத்துவத்தைப் புத்தரிடமிருந்து பெற்றதாக அம்பேத்கரே சொல்லியிருக்கிறார். புத்தரும் தத்துவத் துறையின் பாடம்தானே!

அன்று கொலம்பியாவில் தத்துவத் துறை இல்லாதிருந்தால் அந்தப் பொருளாதார மாணவர் எந்த வகுப்பில் போய் உட்கார்ந்திருப்பார்? நம் கல்லூரியிலும் பொருளாதாரம், தமிழ், இயற்பியல் படித்தவர்கள் எங்கள் வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் உங்கள் சேர்க்கைக் கணக்கில் வரமாட்டார்கள்.

செப்டம்பர் 5 அன்று ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தவர், 1909-இல் மாநிலக் கல்லூரியில் அதையே கற்பிக்கத் தொடங்கியவர். கிறித்தவக் கல்லூரியிலேயே படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் புத்தகங்களைக் கொடுத்ததால்தான், வசதியில்லாத அவர் அந்தப் பாடத்தை எடுத்தார் என்பார்கள். வசதியில்லாத பிள்ளைக்கு இன்று அந்தப் பாடமே இல்லை என்கிறோம். இது எனக்கு வலிக்கிறது, ஐயா.

குடிமைப் பணித் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்று தனித் தாள் இருக்கிறது. தத்துவத்தை விருப்பப் பாடமாகவும் எழுதலாம். நம் கல்லூரியே அந்தத் தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறது. அங்கே வேண்டியிருக்கிற பாடம் இங்கே எப்படி வேண்டாததாகும்? வாழ்க்கைக் கல்வி என்று ஆண்டுக்கு ஒரு நாள் மேடைப் பேச்சாளரை அழைத்து வந்து கைதட்ட வைக்கிறோம். எதிர்க் கேள்வி கேட்கவும், தன் கருத்து தவறென்றால் ஒப்புக்கொள்ளவும் பிள்ளைகள் அங்கே எப்படிப் பழகுவார்கள்? வீட்டிலும் தெருவிலும் போனிலும் எதற்கெடுத்தாலும் சண்டை என்று நாம்தான் புலம்புகிறோம்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். வரும் கல்வியாண்டில் பி.ஏ. தத்துவத்துக்குச் சேர்க்கையைத் திறந்துவிடுங்கள். முழு வகுப்பு சேராவிட்டாலும் வந்தவர்களை வைத்துத் தொடங்குங்கள். காலி இடங்களில் முதலில் இரண்டையாவது நிரப்புங்கள். பள்ளி பள்ளியாகப் போய் மாணவர்களிடம் பேச என்னைப் போன்ற பழைய மாணவர்கள் தயாராக இருக்கிறோம், ஒரு ரூபாய் வேண்டாம். விடைத்தாள் கட்டுகளை எடுத்து வைக்கவும் நாங்களே வருகிறோம். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் நேரில் வந்து பேசுகிறேன்.

அந்தப் பெண் இப்போது பி.காம். படிக்கிறாள். அன்று நிரப்பியும் கொடுக்காமல் திரும்பிய விண்ணப்பப் படிவம் என்னிடம்தான் இருக்கிறது. முதல் விருப்பம் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் தத்துவம் என்று எழுதியிருக்கிறது. வரும்போது அதையும் கொண்டு வருகிறேன்.

பணிவுடன்,
உங்கள் தத்துவத் துறையின் முன்னாள் மாணவன்