வரையவே பிடிக்கவில்லை என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. சோம்பலால் பதில் போடாமல் இருக்கவில்லை. அதிலிருந்த ஒரு வரி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது: "ஸ்டுடியோ நன்றாகத்தான் ஓடுகிறது அக்கா, எனக்குத்தான் வரையவே பிடிக்கவில்லை." கணக்கு வழக்கு, ஆள் பற்றாக்குறை பற்றியெல்லாம் நீ எழுதியிருந்ததை நீயே சமாளித்துவிடுவாய். இந்த வரிக்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது, நீ என்னிடம் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வருடம். காலையில் உட்கார்ந்தால் முதலில் மெயில், அப்புறம் பாக்கி வசூல், அப்புறம் "லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா?" சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் டிசைன் ஃபைலையே திறப்பேன். அதற்குள் கண் ஓய்ந்திருக்கும். இந்தத் தொழிலே நமக்கு ஒத்துவராது போலிருக்கிறது என்று அப்போது நானும் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது என்னுடைய "நல்ல மனசு"தான். சிரிக்காதே. யார் என்ன கேட்டாலும் சரி என்பேன். அந்த வருடம் ஒரு சின்ன நிறுவனத்துக்கு லோகோ செய்தேன். எத்தனை முறை திருத்தித் தருவேன் என்று பேசவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. பதினேழாவது வடிவம் போனபோது ஃபோனில் அந்த நிறுவனத்து அம்மாவிடம் கத்திவிட்டேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "எனக்கு மூன்றாவதே பிடித்திருந்தது, என் பார்ட்னருக்குத்தான் பிடிக்கவில்லை, அதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்றார். அந்தப் பார்ட்னரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசி முடிவு யாருடையது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டிருந்தால் அவரையும் கூட்டத்துக்கு அழைத்திருப்பேன், பதினான்கு வடிவங்கள் பிறந்தே இருக்காது. எல்லாவற்றுக்கும் இனிக்க இனிக்கச் சரி சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு நல்ல மனுஷியை அழவைத்ததுதான் மிச்சம்.

1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு லோகோ கேட்டு, பால் ராண்ட் என்ற பேர்பெற்ற அமெரிக்க டிசைனரிடம் போனார். நாலைந்து மாதிரிகள் காட்டுவீர்களா என்று கேட்டாராம். முடியாது, உங்கள் பிரச்சினையை நான் தீர்த்துத் தருகிறேன், நீங்கள் பணம் கொடுங்கள், தீர்வைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் உங்கள் விருப்பம் என்றாராம் ராண்ட். ஜாப்ஸே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னது இது. கூலி 1,00,000 டாலர். நம் துறையில் இதைத் திமிருக்கு உதாரணமாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, கொடுத்த பணத்துக்கு என்ன அர்த்தம் என்று எதிரே இருப்பவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. அதோடு, அந்த ஒரே லோகோவை ஏன் அப்படி வரைந்தார் என்று படிப்படியாக விளக்கி ஒரு சிறு புத்தகமே அச்சடித்துக் கொடுத்தார். முடியாது என்று சொல்லிவிட்டு அவ்வளவு உழைத்திருக்கிறார் பார். நாம் ராண்ட் இல்லை, ஒரே மாதிரியோடு போய் நின்றால் வேலை போய்விடும், அது வேறு விஷயம். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுத ராண்டாக இருக்க வேண்டியதில்லையே. பாதிப் பணம் முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு, பாதியில் நின்றால் என்ன, மூல ஃபைல்கள் யாருக்கு, ஃபாண்ட் லைசென்ஸ் யார் வாங்குவது. அவ்வளவுதான். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர் பின்னால் எப்படியும் சுளிக்கத்தான் போகிறார்.

அப்புறம், உன் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: கிளையன்ட் பணம் தராததால் அந்த ஓவியருக்கு இரண்டு மாதமாகப் பணம் கொடுக்க முடியவில்லை என்று. இதில் எனக்கு உன் மேல் வருத்தம். கிளையன்டைத் தேர்ந்தெடுத்தது நீ. முன்பணம் கேட்காமல் விட்டதும் நீ. அந்தப் பெண் படத்தைக் குறித்த தேதிக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் உன் கிளையன்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கையில் பாதிதான் இருக்கிறது என்றால் பாதியைக் கொடு, மீதி எந்தத் தேதிக்கு என்று நீயே கூப்பிட்டுச் சொல். அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. பாக்கிப் பணத்தை வாய்விட்டுக் கேட்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று உனக்குத் தெரியாதா?

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம், நியாயம்தான். அந்தப் புத்தக அட்டை விவகாரத்தில், கிளையன்ட் முன்னால் வைத்து உன்னைத் திட்டினேன். ஃபைல் அச்சுக்கான நிறமுறைக்கு மாறாமல், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலேயே போய்விட்டது, அச்சில் அந்த நீலம் செத்துப்போய் வந்தது. சரிபார்க்க வேண்டியது நான், பார்க்கவில்லை. "பையன் புதுசு" என்று பழியை உன் மேல் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். நீ அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்து இப்போது கேட்கிறேன்.

நான் தொழில் தொடங்கிய புதிதில் இதற்கு நேர் எதிராக ஒருவர் நடந்துகொண்டார். விளிம்பு வரை நிறம் ஓடும் ஒரு சிறுநூலை ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நிறத்தைக் கொஞ்சம் நீட்டி விடுவது) விடாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அப்படியே அடித்திருந்தால் வெட்டும்போது ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பிரஸ்காரர் இரவு பத்து மணிக்கு எனக்கு மட்டும் ஃபோன் செய்தார். "3 மில்லிமீட்டர் கூட்டி அனுப்பும்மா, காலையில் மெஷின் ஏற்றுகிறேன்." கிளையன்டிடம் மூச்சுவிடவில்லை, பின்னாலும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதன் பிறகு பல வருடங்கள் மற்ற வேலைகளையும் அவரிடமே கொடுத்தேன்.

சரி, வரையப் பிடிக்காமல் போனதற்கு வருகிறேன். எனக்கு அது திரும்பி வந்தது காய்கறித் தோல் சீவி ஒன்றால். சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவாதம். மெல்லிய உலோகப் பிடியைப் பிடித்துச் சீவ அவரால் முடியவில்லை. அதைப் பார்த்த ஃபார்பர், ஸ்மார்ட் டிசைன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, தடித்த ரப்பர் பிடி போட்ட சமையலறைக் கருவிகளை 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்தார். வலியில்லாத கைகளும் அதைத்தான் விரும்பி வாங்கின. அதைப் படித்த வாரம் நான் ஒரு மருந்து விளக்கச் சீட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தேன், எரிச்சலோடு. வெளிர் சாம்பலில் பொடி எழுத்து, பார்க்க நாகரிகமாக இருந்தது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) கேட்கின்றன. என்னுடையதை அளந்தேன். பாதிகூட வரவில்லை. கண் மங்கிய ஒரு பெரியவர் இதை எப்படிப் படிப்பார் என்று நினைத்தபடி எழுத்தைக் கறுப்பாக்கினேன், பெரிதாக்கினேன், வரி இடைவெளியைக் கூட்டினேன். பக்கத்தில் இடம் போதவில்லை. மறுபடி முதலிலிருந்து. நிமிர்ந்து பார்த்தபோது மணி இரண்டு. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நேரம் போனதே தெரியவில்லை.

உனக்கும் அதேபோல் நடக்குமா, தெரியாது. ஆனால் உன் கடிதம் முழுக்கக் கிளையன்ட் இருக்கிறார், போட்டி ஸ்டுடியோ இருக்கிறது, பார்த்துப் பாராட்ட வேண்டிய மற்ற டிசைனர்கள் இருக்கிறார்கள். நீ செய்ததைக் கையில் எடுத்துப் பயன்படுத்துகிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒன்று மட்டும் செய்து பார். வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம், மெயிலைத் திறக்கிறதுக்கு முன்னால் உட்கார்ந்து வரைய வேண்டும். யாரும் கேட்காத எதையாவது. புதன்கிழமை எனக்கு ஒத்துவந்தது. முதல் மூன்று வாரம் வெறும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ இங்கே இருந்தபோது வேலை முடிந்ததும் தனியாக உட்கார்ந்து ஒரு எழுத்துரு வரைந்துகொண்டிருந்தாய், நினைவிருக்கிறதா? பென்சில் தாளை மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். நான் தூக்கிப் போடவில்லை. ஸ்கேன் செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது வரிசையில் அந்த 'ழ'வின் கீழ் வளைவு இன்னும் எனக்குச் சரியாகப் படவில்லை, ரொம்ப இறுகிக் கிடக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, அதைக் கொஞ்சம் பார்.

அன்புடன்,
அக்கா