பாட்டிக்கு வயது என்ன

அன்புள்ள மக்களே,

பாட்டிக்கு நூறு வயது எப்போது நிறைகிறது, அதற்கென்று லீவு சேர்த்து வைக்கிறேன் என்றாய். போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டுச் சரி சரி என்பாய். அதனால் எழுதுகிறேன்.

ஆதாரில் 1.1.1935 என்று இருக்கிறது. அதை நம்பாதே. பதிவு செய்த பையன் பாட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவனாகவே போட்ட தேதி அது. நான் பாட்டியிடமே கேட்டேன். "சுசீந்திரம் கோவிலுக்குள் முதன்முதலாகப் போனபோது எனக்கு முன்பல் இரண்டும் கிடையாது" என்றாள்.

திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள், இந்துக்களில் எல்லாச் சாதியாரும் கோவிலுக்குள் போகலாம் என்று கோவில் நுழைவுப் பிரகடனம் செய்தது 1936 நவம்பர் 12-ல். அதற்குப் பத்து வருடம் முன்புதான் அந்தக் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பிரகடனம் வந்த சில நாளில் பனையேறியான என் தாத்தா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாசல்வரை வந்தவருக்குக் கால் எழவில்லை. யாராவது விரட்டுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். பாட்டி கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அனுமாரின் உயரத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவளை, பொக்கைவாயை மூடு என்று பின்னால் வந்து அதட்டினாராம். முன்பல் விழுவது ஆறேழு வயதில். ஆகப் பிறந்தது 1929 அல்லது 1930.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்று மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கு தின்ற கதை உனக்குத் தெரியும். அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும் அடுப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டதும் அப்போதுதான் என்கிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும்; கணக்கு ஒத்துவருகிறது. இன்றும் மரச்சீனியும் மீனும் வைத்தால் மீனைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள்.

1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது நான் வயிற்றில். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போன என் அப்பா அன்று இரவு வரவில்லை. மறுநாள் மத்தியானம் வந்தவரிடம் பாட்டி கேட்ட முதல் கேள்வி, தோளில் கிடந்த துண்டு எங்கே என்பது. 1956 நவம்பர் 1-ல் சேர்ந்தும் விட்டோம். மலையாளத்தில் வந்த காகிதமெல்லாம் தமிழில் வர ஆரம்பித்தது. பாட்டிக்கு எந்த மொழியானாலும் கைநாட்டுதான்.

சுனாமியின்போது குளச்சலிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கிய அந்தப் பெண்ணை நினைவிருக்கிறதா? அவள் தலைமுடியிலிருந்து மணலை மூன்று நாள் எண்ணெய் வைத்து வாரி எடுத்தாள் பாட்டி. அப்போதும் அழவில்லை. 2017-ல் ஒக்கிப் புயலில் கொல்லையில் நின்ற அயனி மரம் சாய்ந்தபோதுதான் அழுதாள். நான் பிறந்த வருடம் நட்டதாம். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் கணக்குப்படி நூறு 2029-லோ 2030-லோ வரும், ஆதார்படி 2035. அதுவரை லீவைச் சேர்த்து வைக்காதே. வரும் சித்திரையில் வா, அக்கானி இருக்கும். காதுக் கருவிக்குப் பேட்டரி இரண்டு அட்டை வாங்கி வா. இங்கே கிடைப்பது நான்கே நாளில் தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு எதைச் சொன்னாலும் கேட்டதுபோலத் தலையாட்டுகிறாள்.

அம்மா