ஜெர்ரி லீ லூயிஸின் சன் இசைத்தட்டுகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

மயிலாடுதுறை

அன்புள்ள நண்பர் சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பியானோவில் மூன்றாம் கிரேடு தேர்வுக்குத் தயாராகி வருவதையும், அதற்காக வீட்டுக்கு ஒரு பழைய பியானோவே வந்து இறங்கிவிட்டதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். ரெக்கார்டு பிளேயருக்கு ஒருவழியாகப் புது ஊசி கிடைத்துவிட்டதால் என் மாலைப்பொழுதுகள் மறுபடியும் பழைய தட்டுகளோடுதான் கழிகின்றன. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: ராக் அண்ட் ரோல் என்றாலே கிட்டார்தானே, அதில் பியானோவுக்கு என்ன வேலை என்று. வேறொருவர் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். பியானோ வாசித்துப் பாடும் ஃபேட்ஸ் டாமினோவை எனக்கு அறிமுகப்படுத்திய நீங்களே கேட்பதால் பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தட்டைச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பரில் ஜெர்ரி லீ லூயிஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் மெம்ஃபிஸ் நகரில் யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருந்த சன் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடிப் பதிவு செய்த 'கிரேசி ஆர்ம்ஸ்'. கூடத்தின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் அப்போது ஊரில் இல்லை. பதிவை நடத்தியவர் ஜாக் கிளெமென்ட். பாடல் புதிதன்று. ரே பிரைஸ் பாடி, அதே ஆண்டில், அமெரிக்கத் தெற்கின் கிராமிய மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் விற்பனைப் பட்டியலில் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. பிரைஸின் தட்டில் ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் அழுகின்றன, பேஸ் நிதானமாக நடைபோடுகிறது. லூயிஸின் தட்டில் கேட்பதெல்லாம் ஒரு பியானோவும், ஜிம்மி வான் ஈட்டனின் டிரம்ஸும், ஒரு குரலும் மட்டுமே. பாட்டு முடிகிற தறுவாயில் ஒரே ஒரு கிட்டார் கார்டு கேட்கும். கழிவறைக்குப் போயிருந்த சன் கலைஞர் பில்லி லீ ரைலி திரும்பி வந்து, சோதனைப் பதிவுதானே என்று எண்ணிக் கிட்டாரைத் தட்டிவிட்ட ஒலி அது என்பார்கள். நீங்கள் தேடுகிற கிட்டார் அந்தத் தட்டில் அவ்வளவுதான்.

பேஸ் வாத்தியம் இல்லாத குறை ஏன் தெரியவில்லை என்றால், அந்த வேலை முழுவதையும் இடக்கை எடுத்துக்கொள்கிறது. அடிச்சுரத்தில் தொடங்கி மேலேறி இறங்குகிற அந்த உருட்டல் கன்ட்ரி இசையில் பிறந்ததன்று. கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பூகி-வூகி என்று வழங்கும் துள்ளலான பியானோ நடையிலிருந்து வந்தது. ஆனால் அதன்மேல் ஒலிக்கிற குரலோ, சொற்களின் கடைசியில் உடைந்து எழும்புகிற விதத்தில், கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் பள்ளியில் பயின்றது. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஆண்டுகளில் லூயிஸ் பதிவு செய்தவற்றில் மிகப் பெரும்பாலானவை, ப்ளூஸ் இடக்கையோடு பாடுகிற ஒரு கன்ட்ரி பாடகரின் தட்டுகளே. ராக் அண்ட் ரோல் என்பது விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பிற்பாடு அதற்கு ஒட்டிய முகவரி.

இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு அவர் ஊரைப் பார்க்க வேண்டும். லூயிசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றுக்கு அருகே உள்ள ஃபெரிடே என்ற சிற்றூரில் 1935இல் பிறந்தார். தந்தை பண்ணையை அடகு வைத்துப் பியானோ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் ஜிம்மி ராட்ஜர்ஸின் தட்டுகள் ஓடின. ஞாயிறுதோறும் பெந்தெகொஸ்தே சபையில் கைதட்டிப் பாடும் ஆராதனை நடந்தது. ஊருக்குள் ஹேனிஸ் பிக் ஹவுஸ் என்ற கறுப்பினத்தவரின் நடன விடுதி இருந்தது. வெள்ளையினச் சிறுவர்களுக்கு அங்கே இடமில்லை என்பதால், பின்னாளில் புகழ்பெற்ற பிரசங்கியாராக ஆன உறவுக்காரப் பையன் ஜிம்மி ஸ்வாகர்ட்டோடு ஒளிந்து போய்க் கேட்பாராம். பிறகு டெக்சாஸில் ஒரு வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து, கீர்த்தனை ஒன்றைப் பூகி நடையில் வாசித்ததற்காக வெளியேற்றப்பட்டார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போனபோது, கிட்டார் கற்றுக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 33 டஜன் முட்டைகளை விற்ற பணத்தில் தந்தையும் மகனும் மெம்ஃபிஸுக்குப் புறப்பட்டார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கும் கதை.

கறுப்பிசை, வெள்ளையிசை என்ற வேலி கடைகளின் அலமாரிகளில் இருந்த அளவுக்கு இசைக்கிறவர்களிடம் இருந்ததில்லை. கன்ட்ரி இசையின் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் ஹாலிவுட்டில் பதிவு செய்த 'ப்ளூ யோடல் நம்பர் 9' பாட்டில் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங். தட்டின் மேல் அவர்கள் பெயர் அச்சிடப்படவில்லை என்பதும் அந்தக் காலத்தின் கதையில் ஒரு பகுதிதான்.

உங்கள் பேத்திக்குப் பயன்படக்கூடிய ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ப்ளூஸ் பாடகர் காந்தாரத்தைப் பாடும்போது, நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே எங்கோ நின்று இழைப்பார். கிட்டார்க்காரர் கம்பியை வளைத்து அந்த இடத்தைப் பிடித்துவிடலாம். பியானோவில் முடியாது, ஹார்மோனியத்தில் கமகம் பிடிக்க முடியாமல் நம் வித்துவான்கள் பட்ட அதே பாடுதான். அதற்குப் பியானோக்காரர்கள் கண்ட வழி, கறுப்புக் கட்டையை அழுத்திய விரலை அப்படியே வழுக்கவிட்டு அடுத்த வெள்ளைக் கட்டையில் இறக்குவது. சி சுருதியில் வாசித்தால் கறுப்புக் கட்டையான ஈ-ஃபிளாட்டும் வெள்ளைக் கட்டையான ஈயும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருப்பதால் ஒரே விரலால் இது கைகூடும். இரண்டு சுரங்களும் ஒரு கணம் ஒன்றோடொன்று நசுங்கி ஒலிக்கும்போது, கட்டைகளில் இல்லாத அந்த நடுச்சுரம் காதுக்குக் கேட்டுவிடுகிறது. லூயிஸின் வலக்கையில் இது இடைவிடாமல் நடக்கிறது. பலரும் அவரைப் பற்றிப் பேசும்போது கட்டைகள் முழுவதையும் ஒரே வீச்சில் நகத்தால் வழித்துவிடுகிற வித்தையையே வியக்கிறார்கள். அது மேடைக்கு, இது இசைக்கு.

அந்த இடக்கையின் வமிசாவளியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மீட் லக்ஸ் லூயிஸ் 1927இல் ரயிலோட்டத்தைப் பியானோவில் கொண்டுவந்த 'ஹாங்கி டாங்க் டிரெயின் ப்ளூஸ்' பாட்டையும், அடுத்த ஆண்டு டிசம்பரில் பைன்டாப் ஸ்மித் சிகாகோவில் பதிவு செய்த தட்டையும் வேர் என்று கொள்ளலாம். பூகி-வூகி என்ற பெயரையே பரப்பியது ஸ்மித்தின் தட்டுதான். ஆனால் அது வெளிவந்த சில வாரங்களில் அவர் ஒரு நடன அரங்கில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஆல்பர்ட் அம்மன்ஸ், பீட் ஜான்சன், மீட் லக்ஸ் லூயிஸ் மூவரும் வாசித்த பிறகு அந்த நடை நாடெங்கும் மோகமாகப் பரவியது. நாற்பதுகளில் கன்ட்ரி வாத்தியக் குழுக்களும் அதைத் தங்கள் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்டன.

அப்படி ஆக்கியவர்களில் உலகம் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றி நான் சற்று ஆதங்கத்தோடு சொல்ல வேண்டும். டெக்சாஸைச் சேர்ந்த மூன் மல்லிகன் 1909இல் பிறந்தவர். தந்தையின் பண்ணையில் வேலை செய்த கறுப்பினக் கிட்டார்க் கலைஞர் ஒருவரிடம் ப்ளூஸைக் கேட்டு, வீட்டில் துதிப்பாட்டுக்காக வாங்கி வைத்திருந்த மிதி ஆர்கனில் அதை வாசித்துப் பழகினார். மேசைமேல் இருக்கிற பாட்டில்கள் துள்ளும்படி வாசிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சின்சினாட்டி நகரத்து கிங் நிறுவனத்துக்காக அவர் பாடிய 'ஐ'ல் செயில் மை ஷிப் அலோன்' 1950இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. கிங் நிறுவனத்தின் கணக்கும் சுவையானது. அதன் முதலாளி சிட் நேதன் பாடல் உரிமைகளையும் தன் கையில் வைத்திருந்தார். ஆகவே ஒரு பாட்டைக் கன்ட்ரி பாடகரும் பாடி, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசையைப் பாடுகிறவரும் பாடினால் இருபுறமும் வரவு. அங்கே பதிவுகளை நடத்திய ஹென்றி குளோவர் என்ற கறுப்பின இசைஞர் இரு சாராரையும் வைத்து வேலை வாங்கினார். ஹாங்க் பென்னி என்ற கன்ட்ரி கலைஞரின் 'பிளட்ஷாட் ஐஸ்' பாட்டை 1951இல் வைனோனி ஹாரிஸ் பாடி ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏற்றியது இந்த ஏற்பாட்டினால்தான். இசை கலந்தது அன்பினால் மட்டுமன்று, காசு கணக்கினாலும்தான். மல்லிகனின் அந்தக் கப்பல் பாட்டை லூயிஸ் சன்னில் மீண்டும் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், சீடர் யார் என்று தெரிந்துவிடும். மெரில் மூர் என்ற சான் டியேகோ கலைஞரும் இதே வழிக்காரர். கேபிடல் நிறுவனத்துக்காக ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் வாசித்த பூகித் தட்டுகள் வேகத்தில் லூயிஸுக்கு இளைத்தவை அல்ல.

உங்கள் அபிமான டாமினோ இதில் எங்கே நிற்கிறார் என்று கேட்பீர்கள். அவர் நியூ ஆர்லியன்ஸ்காரர். 1949 டிசம்பரில் கோசிமோ மட்டாசாவின் கூடத்தில் 'தி ஃபேட் மேன்' பதிவு செய்தபோதே அவர் பாணி முழுமையாக உருவாகிவிட்டது. அவர் வலக்கை, ஒவ்வொரு தாளத்தையும் மும்மூன்றாகப் பிரித்துத் திஸ்ரத்தில் நகர்வது. லூயிஸைப் போல முண்டியடிக்காது. சாம் ஃபிலிப்ஸின் கூடத்திலேயே, லூயிஸ் அங்கே வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 1951 மார்ச்சில், ஐக் டர்னர் பியானோ வாசிக்க 'ராக்கெட் 88' பதிவாயிற்று. அதன் தொடக்கப் பியானோவைத்தான் லிட்டில் ரிச்சர்ட் பின்னாளில் 'குட் கோலி மிஸ் மாலி' பாட்டின் தொடக்கமாக எடுத்துக்கொண்டார். ஆகவே கிட்டார் மட்டும் என்கிற உங்கள் வாதம் இங்கேயே தோற்றுப்போகிறது.

இனி 'ஹோல் லாட்டா ஷேக்கின் கோயின் ஆன்'. 1955இல் பிக் மேபெல் அதை நிதானமான ரிதம் அண்ட் ப்ளூஸாகப் பாடியிருந்தார். லூயிஸ் 1957இல் சன்னில் பாடியபோது, வான் ஈட்டனின் டிரம்ஸ் ஷஃபிள் என்ற ஊசலாடும் தாளமாகப் போக, பியானோவின் இடக்கை அதைவிட நேராகவும் கெட்டியாகவும் விழுகிறது. இரண்டும் உரசுகிற அந்தச் சிறு இடைவெளியில்தான் பாட்டின் முறுக்கு இருக்கிறது. நடுவில் எல்லாம் அடங்கி, பாடுவதை விட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குகிறார். அப்போதும் இடக்கை ஓயவில்லை என்பதைக் கவனியுங்கள். சன் கூடத்துக்கே உரிய எதிரொலியும் அதில் சேர்கிறது: ஒலியை ஒரு நாடாப் பொறியில் பதித்து, இன்னொன்றின் வழியே நொடியின் சிறு பின்னம் தாமதித்துத் திருப்பிக் கலப்பார்கள், மூன்றே பேர் வாசிப்பது கூட்டமாக ஒலிப்பதற்கு அது ஒரு காரணம். தொலைக்காட்சியில் ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சியில் நாற்காலியை உதைத்துத் தள்ளி அவர் இதை வாசித்த பிறகு விற்பனை எகிறியது. அந்தத் தட்டு கன்ட்ரி பட்டியலிலும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம், பொதுப் பட்டியலில் மூன்றாமிடம். நான் மேலே சொன்ன கருத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதே ஆண்டின் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதைப் பதிவு செய்கையில், இது பிசாசின் இசை என்று லூயிஸும், இதனாலும் ஆத்துமாக்களை மீட்கலாம் என்று ஃபிலிப்ஸும் சூடாக வாதிட்டது நாடாவில் அப்படியே இருக்கிறது. பலர் அந்தத் தட்டைத் திருப்பிப் போடுவதே இல்லை. மறுபக்கத்தில் இருப்பது ஹாங்க் வில்லியம்ஸின் 'யூ வின் அகெய்ன்'. ஒருபுறம் எரிகிற நெருப்பு, மறுபுறம் தோற்றுப்போன காதலனின் புலம்பல். ஆனால் வாசிக்கிற கை ஒன்றே என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

1958 மே மாதத்தில் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது, லூயிஸ் மணந்திருந்தது பதின்மூன்று வயது உறவுக்காரப் பெண்ணை என்பது வெளிப்பட்டுப் பயணம் பாதியில் முடிந்தது. அதை ஏதோ இளமைக் குறும்புபோல எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, கண்டனத்துக்கு உரியதுதான். வானொலிகள் அவரை ஒதுக்கின. அதனால் 1960இல் சாம் ஃபிலிப்ஸ், கிளென் மில்லர் புகழ்பெறச் செய்த 'இன் தி மூட்' மெட்டை லூயிஸ் பூகியாக வாசித்த தட்டை 'தி ஹாக்' என்ற புனைபெயரில் வெளியிட்டுப் பார்த்தார். முயற்சி பலிக்கவில்லை. பெயரை மறைக்கலாம், அந்த இடக்கையை எப்படி மறைப்பது? அந்த இங்கிலாந்துப் பயணத்துக்குப் பத்தாண்டுகள் கழித்து, 1968இல், 'அனதர் பிளேஸ், அனதர் டைம்' என்ற சுத்தமான கன்ட்ரி பாட்டோடு அவர் மீண்டும் பட்டியலேறியபோது, ராக்கை விட்டுவிட்டுக் கன்ட்ரிக்கு மாறிவிட்டார் என்று எழுதினார்கள். 'கிரேசி ஆர்ம்ஸ்' கேட்டவர்களுக்கு அவர் எங்கும் மாறவில்லை என்பது தெரியும்.

உங்கள் பேத்தியிடம் தேர்வு முடிந்த பிறகே இவற்றைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியை என்னைத்தான் திட்டுவார். நீங்கள் மட்டும் 'கிரேசி ஆர்ம்ஸ்', 'யூ வின் அகெய்ன்', 'ஹோல் லாட்டா' என்ற வரிசையில் கேட்டுவிட்டு, மூன்றாவதிலும் கிட்டார்தான் தலைமை வகிக்கிறது என்று தோன்றினால் காரணங்களோடு எழுதுங்கள். ரோலண்ட் ஜேன்ஸின் கிட்டார்த் துண்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தை மாதம் கோவைக்கு வரும்போது மல்லிகனின் தட்டுகளை எடுத்துவருகிறேன்; டாமினோவின் ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டு, அந்த 'ஜம்பலாயா', உங்களிடம் இருந்தால் தேடி வையுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
வைத்தியநாதன்