டென்ட்டில் முதல் ராத்திரி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிப்ரவரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏலகிரியில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம் என்றாய். போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் ஒருமுறை படித்துவிடட்டும்.

பகல் பொழுதைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். ஆறு வயதுப் பேரனுக்கும் மூன்று வயதுப் பேத்திக்கும் மண்ணும் நாலு குச்சியும் கிடைத்தால் போதும், பகல் ஓடிவிடும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணிவரைதான் விஷயமே இருக்கிறது. அந்த ராத்திரி உடம்பு கதகதப்பாக, வயிறு நிறைந்து, பயமில்லாமல் தூங்கிவிட்டால் அடுத்த மாதமே மறுபடி எப்போது என்று கேட்பார்கள். குளிரில் நடுங்கி அழுதார்களோ, டென்ட் பரணுக்குப் போய்விடும். ஆகவே முதல் தடவை ஒரே ஒரு ராத்திரி. அதற்கு மேல் வேண்டாம்.

ஏலகிரியைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 1,100 மீட்டர் அளவுக்குத்தான் உயரம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிர் எலும்பைத் துளைக்காது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளும் 14தான். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும், மே மாதக் கூட்டமும் இருக்காது. கழிப்பறை, தண்ணீர்க் குழாய், ராத்திரிக் காவலாள் மூன்றும் உள்ள தோட்டமாகப் பார்த்துக்கொள். காரை டென்ட்டுக்கு இருபது முப்பது அடிக்குள் நிறுத்த முடிய வேண்டும். நடுராத்திரியில் ஒத்துவரவில்லை என்றால் பிள்ளைகளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். அந்த வழி இருக்கிறது என்று தெரிந்தாலே உனக்கும் பதற்றம் பாதியாகும்.

உள்ளே காட்டு ஓரத்தில் அருமையான இடம் இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போகாதே. பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை நீ மறந்திருக்க மாட்டாய். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்க வந்த ஒரு பெண், யானை தாக்கி இறந்தார். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படியும் குற்றம்.

டென்ட் வாங்கும்போது ‘4 பேர்’ என்று போட்டிருப்பதை நம்பாதே. நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. பை வைக்க இடமிருக்காது, பேத்தி உருளவும் முடியாது. உங்களுக்கு 6 பேர் டென்ட்தான் சரி. மழைக்கான மேல்துணி தரைவரை இறங்குகிறதா என்று பார். தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடுகிற டென்ட்டில் சாரல் பக்கவாட்டில் உள்ளே வந்துவிடும்.

வாங்கியதும் மொட்டை மாடியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாடியில் முளைக்குச்சி அடிக்க முடியாது, மூலைக்கு இரண்டு செங்கல் வைத்துக் கட்டினால் போதும். கம்பியை டென்ட்டின் உறைக்குள் விடும்போது எப்போதும் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. அந்தக் கம்பி பல துண்டுகளால் ஆனது, உள்ளே ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. இழுத்தால் துண்டுகள் நடுவில் கழன்று, துணிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவசரத்தில் இன்னும் பலமாக இழுப்போம், அப்போதுதான் துணி கிழியும். இதை வெளிச்சத்தில், வீட்டில் வைத்துப் பழகிவிட வேண்டும். அன்று ராத்திரி பிள்ளைகளோடு அதிலேயே படுங்கள். ஜிப் சத்தமும் துணி படபடக்கிற சத்தமும் அவர்களுக்கு அங்கேயே பழகிவிடும்.

ஏலகிரிக்கு மத்தியானம் இரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். போனதும் முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. தலைக்கு மேல் பட்டுப்போன கிளை, தென்னை, பலா எதுவும் இருக்கக் கூடாது. பிறகு தரை. பள்ளம் வேண்டாம், மழை வந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். எறும்புப் புற்றோ வளையோ தெரிந்தால் தள்ளிப் போ. இலேசான சரிவு என்றால் தலைமாடு மேட்டுப்பக்கம் இருக்கட்டும். கல்லையும் முள்ளையும் கையால் தடவிப் பொறுக்கிவிட்டுத் தார்ப்பாயை விரி. தார்ப்பாய் டென்ட் அடியைவிட நாலு விரற்கடை சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து டென்ட்டுக்கு அடியிலேயே கொண்டுவந்து விடும். மிஞ்சியதை உள்பக்கமாக மடித்துவிடு. முளைக்குச்சியின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்கச் சொல். நேராக அடித்தால் காற்று இழுக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். இழுவைக் கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடு, ஓடுகிற பிள்ளைகளுக்கு இருட்டில் கயிறு தெரியாது.

இனி தூக்கம். குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்து எல்லோரும் போர்வையை அடுக்குகிறார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான். படுக்கும்போது அடியில் அமுங்கிப்போன மெத்தையும் போர்வையும் சூட்டைப் பிடித்து வைக்காது. ஆகவே தரைக்கு முதலில் கோரைப்பாய், அதன்மேல் ஃபோம் பாய் அல்லது இரண்டு யோகா மேட், அதற்கு மேல் ஜமுக்காளம். காற்றடிக்கிற மெத்தை மட்டும் போட்டால் உள்ளேயிருக்கும் காற்றே குளிர்ந்து முதுகு சில்லிடும். போட்டால் அதன் மேலேயும் கெட்டியாக ஒன்றை விரித்துவிடு.

பேத்தி போர்வையை உதைத்துத் தள்ளுகிறவள். அவளுக்குப் போர்வையை நம்பாமல் உடுப்பை நம்பு. உடம்பை ஒட்டி ஒரு பருத்திப் பனியன், மேலே முழுக்கைச் சட்டை, பேன்ட், அதற்கு மேல் ஸ்வெட்டர், காலுறை, காதை மூடும் குல்லாய். பகல் முழுக்க ஓடி வியர்த்த துணியோடு படுக்கவிடாதே. கைக்குச் சில்லென்று தெரியாத ஈரம்கூட விடிகாலையில் நடுக்கிவிடும். இருட்டுவதற்கு முன்பே தலை முதல் கால் வரை காய்ந்த துணி மாற்றிவிடு. அதற்கென்று ஒரு ஜோடியைத் தனிப் பையில் கட்டி வை, பகலில் அதைத் தொடாதே. டென்ட்டின் மேல் ஜன்னலை ஒரு சாண் திறந்தே வை. நாலு பேர் மூச்சு வெளியேற வழியில்லாவிட்டால் காலையில் துணி முழுக்க நீர் கோத்துச் சொட்டும்.

குளிருக்காக கரி அடுப்பையோ எரிகிற எதையுமோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது, ஐந்து நிமிஷத்துக்குக்கூட. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். கொசுவர்த்திச் சுருளும் உள்ளே வேண்டாம். முழுக்கைச் சட்டை, கொசு க்ரீம், எப்போதும் மூடிய ஜிப், இவை போதும்.

சிறுநீருக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறை வரை நடக்க முடியாது. பேத்தி சிறுநீர் கழிக்கிற சட்டியை டென்ட் வாசல் முகப்பில், ஜிப்புக்கு உள்ளே வைத்துக்கொள். பேரனுக்கு மூடியுள்ள சின்ன வாளி. படுக்கும் முன் அரைமணி இடைவெளி விட்டு இரண்டு தடவை போகச் சொல்.

சாப்பாட்டில் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டாம். முதல் ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயில் தடவிய இட்லி, புளியோதரை. புளியோதரையைத் தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து ராத்திரிக்குள் ஊசிவிடும். தயிர்சாதம் அவ்வளவு நேரம் தாங்காது, புளித்துப்போகும்.

காலைக்கு உப்புமா. வேலையை வீட்டிலேயே முடித்துக் கொண்டுபோ. இரண்டு கப் ரவையை நிறம் மாறாமல் வாசனை வரும்வரை வறு. மூன்று ஸ்பூன் நெய்யில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, முந்திரி, ஒரு மிளகாய் வற்றல் தாளித்து, கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகப் பொரித்து, உப்போடு ரவையில் கலந்துவிடு. வெங்காயமும் தேங்காயும் சேர்க்காதே, ஈரம் பட்டால் கெட்டுப்போகும். ஆறியதும் ஜிப் கவரில் போட்டு மேலே ‘5 கப் தண்ணீர்’ என்று எழுதிவிடு. அங்கே தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கிளறிக்கொண்டே கொட்டி, மூன்று நிமிஷம் மூடி வைத்தால் உப்புமா தயார். குடிக்கவும் சமைக்கவும் ஒரு 20 லிட்டர் கேன் போதும். கழுவக் குழாய்த் தண்ணீர். சின்ன கேஸ் அடுப்புக்குக் காற்று வருகிற பக்கம் மட்டும் மறைப்பு வை. சுற்றிலும் மறைத்தால் அடுப்பின் கேஸ் கேன் சூடேறி வெடிக்கலாம்.

சாப்பாட்டு மிச்சம், பிஸ்கட், பழத்தோல் எல்லாம் ராத்திரி கார் டிக்கிக்குள் போய்விட வேண்டும். டென்ட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தால் எறும்பு வரும், எலி வரும், எலி வந்தால் பின்னால் பாம்பும் வரும். பகலில் குரங்குக்கு டென்ட் துணியைக் கிழிப்பது ஒரு வேலையே இல்லை.

நெருப்பு மூட்ட இடத்துக்காரர் அனுமதித்தால், அதற்கு முன்பே சுற்றிலும் பத்தடி தள்ளி கோலப்பொடியால் ஒரு வட்டம் போடு. பெரியவர் கையைப் பிடிக்காமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். ‘நெருப்புக்கிட்ட போகாதே’ என்று நூறு தடவை சொன்னால் மூன்று வயதுக் குழந்தைக்குக் ‘கிட்ட’ எவ்வளவு என்று புரியாது. வெள்ளைக் கோடு புரியும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்று. சாம்பலுக்கு மேல் கையை வைத்தால் சூடே தெரியக் கூடாது. வெளியே கறுத்த கரி உள்ளே காலைவரை கனன்றுகொண்டிருக்கும்.

பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கொரு விசில், கையில் சொந்தமாக ஒரு டார்ச். டார்ச் தன்னுடையது என்றால் இருட்டுப் பயம் பாதி போய்விடும். ஒன்று சொல்லிக்கொடு: அம்மா அப்பா கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஓடாதே, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்று தடவை ஊது. மாடியில் டென்ட் போடும்போதே இதை விளையாட்டாக நடத்திப் பார்.

ஷூவைத் தட்டாமல் போடக் கூடாது. இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடிகூட வேண்டாம். ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடித்த வலியோ தடமோ தெரியாமலே போகலாம். விடிகாலையில் பிள்ளை வயிற்றுவலி என்றாலோ, கண்ணிமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அஜீரணம் என்று உட்கார்ந்திருக்காதே. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். பிள்ளையை நடக்கவிடாமல், அசையாமல் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடு. திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள். போனுக்குச் சிக்னல் எந்த மேட்டில் வருகிறது என்று பகலிலேயே தெரிந்துகொள். டென்ட்டின் ஜிப் ஒழுங்காக மூடியிருந்தால் பாம்பு உள்ளே வர வழியில்லை. அதனால்தான் போகும்போதும் வரும்போதும் கீழ்வரை மூடச் சொல்கிறேன். அந்த வேலையைப் பேரனிடம் கொடு. தன் பொறுப்பு என்று தெரிந்தால் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வான்.

இடி கேட்டால் நாலு பேரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். டென்ட்டும் மரத்தடியும் இடிக்குப் பாதுகாப்பில்லை. கடைசி இடி கேட்டு அரைமணி கழித்து இறங்கினால் போதும்.

திரும்பி வந்தபிறகு இரண்டு வேலை உண்டு. டென்ட் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் மாடியில் ஒரு நாள் உலர்த்திவிட்டுத்தான் சுருட்ட வேண்டும். அடித்துணி ஓரத்தில் ஈரம் ஒளிந்திருக்கும், பூஞ்சை பிடித்த நாற்றம் போகவே போகாது. இன்னொன்றைக் காலண்டரில் எழுதி வை. வந்த அன்று குளிப்பாட்டும்போது பிள்ளைகளின் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப்பட்டி அழுந்தும் இடம், காதுக்குப் பின்னால் எல்லாம் பார். புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரும், டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். உடனே வராது. மூன்று வாரம் வரைகூட ஆகலாம், அதற்குள் ஏலகிரி போனதே மறந்திருக்கும். அந்த நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால், சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, புல்வெளியில் டென்ட் போட்டுத் தங்கியதை நீயாகவே டாக்டரிடம் சொல். சரியான மருந்து கொடுத்தால் இரண்டு நாளில் இறங்கிவிடுகிற காய்ச்சல் அது. பொருக்கு இல்லாமலும் வரலாம், அதனால் இல்லை என்று விட்டுவிடாதே.

பேரனுக்கும் பேத்திக்கும் முத்தங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அரிசி மாவில் வட்டம் போட்டால் எறும்பு வரிசை கட்டி வந்துவிடும். வெள்ளைக்கல் கோலப்பொடிதான் வேண்டும். உங்கள் பக்கம் கிடைக்காது என்று அம்மா ஒரு கிலோ கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் பார்சலில் வரும்.