மாத்திரையும் ரசீதும்

கயல் கண்ணு,

செவ்வாய்க்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. உன் வார்டில் இருக்கும் பாட்டியிடம் காலையில் போட வேண்டிய மாத்திரையை, அந்த 'பில்'லை, போட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறாய். அவர் ஏதோ பணம் கட்டச் சொல்கிறாய் என்று பயந்துபோயிருக்கிறார். "எனக்கு இங்கிலீஷே வராதுப்பா" என்றாய். நாலு வருஷம் நர்சிங்கை இங்கிலீஷில் படித்து, அந்த ஊருக்கான பரீட்சையும் எழுதித் தேறியவளுக்கு இங்கிலீஷ் எப்படிம்மா வராமல் போகும்? உனக்குக் குறைந்தது ஒரு சிறு மூச்சு. அவ்வளவுதான்.

மாத்திரைக்கான பில், ரசீதுக்கான பில், இரண்டையும் தமிழில் எழுதிப் பார். ஒரே மாதிரி இருக்கும். தமிழில் 'ப' எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அது நிற்கும் இடமே சொல்லிவிடும். குரல்வளையில் விரலை வைத்து 'பாம்பு' என்று மெதுவாகச் சொல். முதல் ப வெடிக்கும்போது தொண்டை சும்மா இருக்கும், ம்-க்கு அடுத்த ப-வில் அதிரும். நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அந்த அதிர்வு மாறினால் சொல்லே மாறிவிடுகிறது. குளிருக்குப் போடும் 'கோட்'டின் முதல் ஒலி அதிர்ந்தால் அது ஆடாகிவிடும்.

ஆனால் அந்தப் பாட்டியின் காது அதிர்வை மட்டும் கேட்கவில்லை. மாத்திரையின் முதல் ஒலியில் உதடு திறந்ததும் அவர்கள் ஒரு மூச்சை ஊதுவார்கள், குரல் அதற்குப் பிறகுதான் எழும். நம் 'பந்து'வில் அந்த ஊதல் கிடையாது. ஊதல் இல்லாத பில் அவர்கள் காதுக்கு ரசீதாகத்தான் விழும். ஒரு காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல். காகிதம் துள்ளினால் மாத்திரை. வார்த்தையின் தொடக்கத்தில் வரும் 'டீ', 'கீ' இவற்றுக்கும் இதே ஊதல் உண்டு. முன்னால் ஒரு 'ஸ்' வந்துவிட்டால், 'ஸ்பூன்' மாதிரி, ஊதல் போய்விடும். அங்கே நம் பழைய ப போதும்.

எனக்கு ஒரு பழைய வருத்தம். நாங்கள் படித்த காலத்தில் இங்கிலீஷின் 26 எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, அதில் மெய்யொலி 24 இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. உனக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த 24-ஐயும் பிரிக்க மூன்று கேள்வி போதும்: காற்றை வாயில் எந்த இடத்தில் மறிக்கிறோம், எப்படி விடுகிறோம், தொண்டை அதிர்கிறதா. தொல்காப்பியத்தில், எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் இதைத்தானே பேசினேன்! ப, ம இரண்டுக்கும் உதடு சேர வேண்டும், வ-வுக்குப் பல்லும் உதடும் சேர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த வ-தான் 'வெயின்' என்று நீ சொல்லும் இரத்தக்குழாயின் முதல் ஒலி. மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, காற்று உரசி வரணும். 'வார்டு', 'வெயிட்' இவற்றுக்குப் பல் வேண்டாம், உதட்டைக் குவித்தால் போதும். நாம் பேச்சில் இரண்டுக்கும் நடுவே ஒரு வ-வை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறோம்.

நமக்கு அதிகம் இடறுவது, காற்று இப்படி உரசி வரும் உரசொலிகள். ஆங்கிலத்தில் அவை மட்டும் 9. 'ஐஸ்' என்றால் பனிக்கட்டியா, கண்களா? கண்களில் கடைசி ஒலி அதிரும், அதற்கு முந்திய 'ஐ'யும் கொஞ்சம் நீளும். கண் சொட்டு மருந்து போடுகிறவள் நீ, இதைப் பழகிக்கொள். 'மதர்' நடுவில் வரும் ஒலி உன்னிடமே இருக்கிறது. 'அது' என்று வேகமாகச் சொல்லும்போது நாக்கு பல்லை முட்டாமல் தடவிக்கொண்டு போகிறதே, அதுதான். அதிலிருந்து அதிர்வை எடுத்துவிட்டால் 'தாங்க்ஸ்' வந்துவிடும்.

அப்புறம் 'டீ'. நாக்கை ட-வுக்கு மடக்குவது போல மடக்காதே. நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறு மேட்டைத் தொட்டால் போதும். உன் வார்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் டொரொண்டோவை எழுதச் சொல், 'ரொறன்ரோ' என்று எழுதுவார். அந்த ஒலி நம் ட இல்லை என்று அவர்கள் காது கண்டுகொண்டதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று இதையெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். அம்மா அனுப்பும் பருப்புப்பொடிப் பொட்டலத்துக்குள் காகிதத் துண்டுகளை நறுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. நீ இரண்டு பில்லையும் சொல், காகிதம் எதற்குத் துள்ளுகிறது என்று நான் பார்க்கிறேன்.

அப்பா