மனையில் மண் நிரப்பும் முன்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வெள்ளநீர் ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. அத்தாழ்நிலத்தில் ஒருவர் தம் மனையை மண் கொட்டி உயர்த்தினால், அங்கே தேங்க வேண்டிய நீர் அடுத்தவர் வீட்டுக்குள் புகும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஆகவே, கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன், பழைய வாய்க்காலும் ஓடைப் புறம்போக்கும் எங்கே செல்கின்றன என்பதைக் கிராம வரைபடத்தில் பார்த்து, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவையா என்று கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.

தோண்டிய மண்ணைத் தெருவோரம் குவித்தால், ஒரே மழையில் கரைந்து வடிகாலை அடைத்துவிடும். நம் பகுதியில் இதுவே பெருங்கேடு என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே குவியலைத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்கிவிடுங்கள்.