டர்பன் மாணவர்கள் கவனத்துக்கு: படிப்பு விசா புதுப்பிப்பு

வணக்கம் மக்களே, டிசம்பரில் தென்னாப்பிரிக்கப் படிப்பு விசா முடிகிறவர்கள் இப்போதே வேலையை ஆரம்பியுங்கள். காலாவதிக்குக் குறைந்தது 60 நாள் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும், கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்மூர்ப் பழக்கம் இங்கே செல்லாது. உள்துறை அலுவலக வரிசையில் போய் நிற்காதீர்கள். ஆன்லைனில் படிவம் நிரப்பி, நேரம் பதிந்து, அரசுக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

பலர் மாட்டுவது மெடிக்கல் எய்டில்தான், அதாவது மருத்துவச் செலவுக்கான காப்பீட்டில்: ஊரிலிருந்து எடுத்துவந்த பயணக் காப்பீடு எடுபடாது, தென்னாப்பிரிக்காவில் பதிவான திட்டமாக இருக்க வேண்டும். குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்றிதழுக்கு நாளாகும், அதற்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம் விஎஃப்எஸ் மையத்தில் விண்ணப்பத்துக்குத் தரும் ரசீது, விசா கைக்கு வரும்வரை பத்திரம். விசா முடிந்து 30 நாளுக்கு மேல் தங்கினால் 5 வருடம் உள்ளே வர முடியாது.

சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், ஆனால் பாஸ்போர்ட் படத்தைக் குழுவில் போடாதீர்கள்.